போர் விமானத் திடல்கள் அனாதையானது ஏன்?

ஆலங்குளம், சாத்தூர் பக்கமிருந்து நெல்லைக்குப் பஸ்சில் போகிறவர்கள் கயத்தாறு வந்ததும் கட்டபொம்மன் சிலையைத் தேடிப் பார்ப்பார்கள். 1799-ல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் ஆயிற்றே! அதே ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரன் விமானத் திடலும் போட்டான் என்பது பலருக்குத் தெரியாது.

எதற்குப் போட்டான்? பயம்தான்! 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பான்காரன் கையில் விழுந்தன. ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ந் தேதி திரிகோணமலை. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். அந்தப் போர்க்காலத்தில் முளைத்தவைதான் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு திடல்கள். 1945-ல் சண்டை முடிந்தது. அவற்றின் வேலையும் முடிந்தது.

பிழைத்தது எது?

மதுரைத் திடலும் அந்தப் போரில் வெள்ளையர் விமானப்படை பயன்படுத்தியதுதான். பக்கத்தில் பெரிய நகரம் இருந்ததால் அது பயணிகள் விமான நிலையமாகிப் பிழைத்தது. சூலூரும் தாம்பரமும் நம் விமானப்படை கையில் இருப்பதால் தப்பின. சோழவரத்தில் கார் ரேஸ் நடந்தது, கூட்டம் அலைமோதியது. 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனதும் அங்கேயும் ஈ ஓட்டம்தான்.

பட்டாளத்துக்குக் காலி நிலம் போதும். பயணிக்கு ஊர் வேண்டும். பழைய ஓடுதளம் இருக்கிறதே என்பதற்காக யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள்.

விமானிப் பள்ளி என்றால் கணக்கே வேறு. அதற்குப் பயணி வேண்டாம். சின்ன விமானம், சின்ன ஓடுதளம், தெளிந்த வானம் போதும். விமானி லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். மழை குறைந்ததால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இந்தக் கரிசல் பூமியில் வேரூன்றின? அதே வறண்ட வானம் பறக்கவும் தோது. கோவில்பட்டியில் மில்காரர்கள் போட்ட பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி அமைக்க அரசின் டிட்கோ நிறுவனம் முயற்சியில் இறங்கியது சும்மா அல்ல.

ஆனால் ஆடிக் காற்றை மறக்கக் கூடாது. கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான்! புதுசாகக் கற்கிற பையனுக்குக் குறுக்குக் காற்றில் தரையிறக்குவது விளையாட்டல்ல.

இன்னொன்று, பீஸ். விமானிப் படிப்புக்குப் பல லட்சம் ஆகும். பட்டாசு ஆலையில் கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டுமா? அரசு கைகொடுத்து வரும் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எவ்வளவு சலுகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். பள்ளி திறந்த பிறகு போய்க் கேட்டால் வாட்ச்மேன்தான் பதில் சொல்வார்.