பதின்மூன்று கற்களும் ஒரு பிறந்தநாளும்

2025 ஆகஸ்ட் 22 அன்று சென்னைக்கு 386 வயது என்று வாழ்த்துகள் குவிந்தன. கூடவே வழக்கமான சச்சரவும் கிளம்பியது. 1639-ஐ எப்படிப் பிறந்த ஆண்டு என்று சொல்லலாம், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு முன்பே இல்லையா? இருந்தன, யாரும் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் தேதியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள், உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை மறக்கடிக்கிறார்கள்.

இந்தப் பிறந்தநாளைக் கொண்டாடும் மெட்ராஸ் தினம் அரசு விழாவாகத் தொடங்கவில்லை. 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் முன்னெடுத்தது அது. குடியிருக்கும் தெருவின் கதையைக் குடியிருப்பவர்களே தேடிச் சொல்வது நல்ல தொடக்கம். பாரம்பரிய நடை, வினாடி வினா, பழைய புகைப்படக் கண்காட்சி என்று அது ஒரு வாரத்தைத் தாண்டியும் நீள்வதில் மகிழ்ச்சியே. வடசென்னையிலும் நடைகள் நடக்கின்றன. ஆனால், கொண்டாட்டம் கட்டடங்களைச் சுற்றுகிற அளவுக்கு, அங்கிருந்து கிளப்பி அனுப்பப்பட்ட மனிதர்களைத் தேடிப் போவதில்லை.

பாரிமுனையில் டேர் ஹவுஸை ஒட்டி நிற்கும் எல்லைக்கல்லை எடுத்துக்கொள்வோம். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. துணி வணிகர்களும் துபாஷிகளும் கைவினைஞர்களும் வாழ்ந்த நெரிசலான ஊர் அது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். இந்தப் போர்க்காலத்தில், கோட்டை மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவிடமாகும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி, ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கியது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. இன்றைய தேவராஜ முதலி தெருவுக்கு அது பெயர்ந்தது. சனங்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் ஒதுங்கினார்கள். இனி இந்த வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் 13 கற்கள் நடப்பட்டன. மிஞ்சியது ஒன்று. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் அந்தக் கல்தான் இந்த நகரத்தின் மிக நேர்மையான நினைவுச்சின்னம். யாரை வெளியே நிறுத்தினோம் என்ற, நாம் கேட்க வேண்டிய கேள்வியை அது ஒளிக்கவில்லை.

வெளியே நிறுத்தும் அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2019 டிசம்பரில், கோட்டைக்கு அருகே தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது கல்வியாண்டில் பாதிக்கு மேல் கடந்திருந்தது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. அதற்கு முன்பே, இப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகர் பல்லாயிரம் வீடுகளோடு நிரம்பியிருந்தது. 1773-க்கும் 2019-க்கும் என்ன வித்தியாசம்? அன்று காரணம் பீரங்கி, இன்று காரணம் ஆறு.

ஆற்றைச் சீரமைக்க வேண்டாமா, வெள்ளத்தில் சாகவா விடுவது என்று கேட்பவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அதன் பிறகு அவர்களோடு வாதிட ஒன்றும் இருக்காது.

கட்டடங்களுக்காவது சட்டம் இருக்கிறது. 2012-ல் இயற்றிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவே 2024 ஆனது என்பது தனி வெட்கக்கேடு. ஆனால், மூன்று தலைமுறை வாழ்ந்த கூவம் கரைத் தெரு இடிபட்டால், அதன் பெயரைக் குறித்துவைக்கவும் ஏற்பாடு கிடையாது. அங்கே கோயில் எது, குழாயடி எது, மூட்டை தூக்கவும் மீன் விற்கவும் எந்த வழியாகப் போனார்கள் என்பதையெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள், மின்தூக்கி ஓடுமா என்ற கவலையோடு.

அடுத்த ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் முதல் பிறந்தநாள் நிகழ்ச்சி பெரும்பாக்கத்தில் நடக்கட்டும். இடிபட்ட தெருக்களின் கதையை அந்தத் தெருக்காரர்களே சொல்லட்டும். 200 வார்டுகளிலும் அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொரு குடியிருப்பின் பெயரையும் ஆண்டையும் பொறித்த பலகை நிற்கட்டும். அது நடக்கும்வரை பிறந்தநாள் மேடைக்கும் மின்விளக்குக்கும் வரிப்பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவிட மாநகராட்சிக்கு உரிமையில்லை.