அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிக்காத பெண்கள்

கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறவிருக்கும் பெண், எங்கள் கிழக்குக் கரையில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ மருதமுனையிலோ கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். உம்மாமார் மகள்மாருக்குச் சொல்லிக் கொடுக்கும் பயணப் பாடத்தில் முதல் வரியே இதுதான். நடுச்சாமத்தில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்க வேண்டி வரக்கூடாது, அதற்காக விடியும்வரை தொண்டை காய்ந்தே போகிறோம். இது எங்களுக்கு எவ்வளவு பழகிப்போய்விட்டது என்றால், இதை ஒரு குறையாகக்கூட எவரும் சொல்வதில்லை.

என் தங்கைக்கு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏற்றிய காலத்தில்தான் இதன் கொடுமை எனக்கு முழுதாக உறைத்தது. மருந்து ஏற்றிய உடம்பு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பி வரும் இரவில் போத்தலை நீட்டினால் அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு தந்துவிடுவாள். “வேணாம் ராத்தா, இடையில இறங்க ஏலாது.” நோயைவிட அந்த இருட்டுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

எங்கள் ஊரின் நடுவால் ஓடும் பிரதான வீதிக்கு ஏ4 என்று பெயர். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வந்து, மேற்கே திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று மலையும் காடும் கடந்து, மஹரகம வழியாகக் கொழும்புக்குள் போகிறது. என் வீட்டையும் அந்த ஆஸ்பத்திரி ஊரையும் சேர்ப்பது ஒரே வீதி. ஆனால் பொத்துவிலைத் தாண்டி லாகுகல காட்டு இருட்டுக்குள் பஸ் நுழைந்ததும் முந்தானைகள் இறுகும், போன்கள் வெளியே வரும், எங்கே போகிறோம் என்பதை வீட்டில் ஒருவர் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே விழித்திருப்பார். பக்கத்து இருக்கையில் யாரோ ஆயத்துல் குர்ஸி ஓதுவது கேட்கும்.

எதற்குப் பயம்? களவு, கொள்ளை என்று நினைப்பவர்கள் எங்களை அறியாதவர்கள். ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, சொன்னால் என் சொல் எடுபடுமா, எதிராளியின் சொல் எடுபடுமா? பயம் அங்கேதான் இருக்கிறது. அதை எங்களுக்குக் கற்றுத்தந்தது கற்பனை இல்லை, நடந்த சம்பவங்கள்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாறை எங்களுக்கு வெளியூர் இல்லை. எங்கள் மாவட்டத்தின் தலைநகரம். காணிப் பிரச்சினையோ கச்சேரி அலுவலோ எதுவானாலும் காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி அங்கேதான் போகவேண்டும். அந்த நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, “கருத்தடை மாத்திரை போட்டாயா?” என்று ஒரு கூட்டம் காசாளரைச் சூழ்ந்துகொண்டது. அவருக்குச் சிங்களம் சரியாக வராது. கேட்டது முழுதாக விளங்கவும் இல்லை. நாலு பக்கமும் கத்துகிறார்கள், முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கிறார்கள். பயத்தில் அவர் தலையை ஆட்டி ஆமென்பது போல் ஏதோ சொல்லிவிட்டார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பறந்தது. கடையை உடைத்தார்கள், நகரத்துப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அதில் எந்த மருந்தும் இருக்கவில்லை, வெறும் மாவு. உணவில் கலந்து ஆளை மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் கண்டி மாவட்டத்துத் திகன, முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் பற்றி எரிந்து முடிந்திருந்தது.

நான் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தேன். கூட்டத்தை அல்ல, அந்த மனிதனின் முகத்தை. கேள்வி விளங்காமல், எதைச் சொன்னால் விடுவார்கள் என்று தேடும் கண்கள். அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தால், “பொறுங்கள், அவர் சொல்வதைக் கேட்போம்” என்று ஒருவர் வாய் திறந்திருந்தால், அன்றைய இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள் வந்தன. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்து வீட்டுக்குள் அந்தக் கொலைகாரர்கள் தங்களோடு குழந்தைகளையும் சேர்த்து வெடித்துச் சிதறினார்கள். புதிதாய் வந்து குடியேறியவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் எங்கள் ஊர் மக்கள். அது வெளியே எவர் காதிலும் ஏறவில்லை, ஊரின் பெயர் மட்டும் ஏறியது. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் விலாசம் எங்களுக்கு முன்னால் நடந்துபோய் எங்களைப் பற்றிச் சாட்சி சொன்னது. எந்த ஊர் என்று கேட்டால் கல்முனை என்று சொல், அம்பாறை என்று சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகள் உண்டு. சொந்த ஊரின் பெயரை வாயால் சொல்லப் பயப்படும் பிள்ளை வேறு எதை நிமிர்ந்து நின்று சொல்லும்?

அந்த மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் கடைகள் எரிந்தன. கண்டிக்கும் மகியங்கனைக்கும் இடையில் எங்கள் பஸ்கள் கடந்துபோகும் ஹசலக்கவில் ஒரு பெண், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்திருந்ததற்காகக் கைதானார். அது தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல ஆண்டுகள் எடுத்தன. அந்த வழியால் பேராதனைக்குப் படிக்கப் போன பிள்ளைகள், போட்டிருக்கும் உடுப்பில் என்ன பூ, என்ன கோடு என்று பார்த்துப் பார்த்து உடுத்தினார்கள்.

இதில் பெண் என்பதற்கான பங்கு தனி. அதற்கு மதமும் இல்லை, மாவட்டமும் இல்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் நாடு முழுவதும் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸில் உதவி கேட்டவர்கள் 4 சதவீதம். சொந்த மொழியில் பொலிஸ் உள்ள பெண்களையும் சேர்த்துத்தான் இந்த 4 சதவீதம். மொழியும் தெரியாமல், விலாசத்துக்கும் பயந்துகொண்டு போகிற பெண் பொலிஸ் படி ஏறுவாளா?

இந்தப் பயத்துக்கு ஊரில் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று, பொம்பிளைப் பிள்ளைகளைத் தூரம் அனுப்பாதே. இதற்கு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன். படிப்பும் மருந்தும் உத்தியோகமும் தூரத்தில் இருக்கின்றன. அனுப்பாதே என்பதற்கு அர்த்தம், படிக்காதே, நோயோடு கிட என்பதுதான். மற்றது, சிங்களம் படி. இது நல்ல புத்தி. நானும் நாற்பது வயதுக்குப் பிறகு கொச்சையாகவேனும் பேசப் பழகினேன். ஆனால் மருந்து ஏறிய மயக்கத்தில் கிடக்கும் நோயாளியும், பேரனைப் பார்க்கப் போகும் எழுபது வயது மூதாட்டியும் மொழி படித்துவிட்டா பஸ் ஏற வேண்டும்? தமிழ் 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அரச கரும மொழியாகிவிட்டது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை 1988இன் பதினாறாம் திருத்தம் கொடுத்திருக்கிறது. சட்டம் எங்களோடு பஸ் ஏற வேண்டும்.

மொனராகலைக்கு அப்பால் ஓர் இரவு தங்கையால் அடக்க முடியாமல் போயிற்று. கடைக்குப் பின்னால் கழிப்பறை, வெளிச்சம் கிடையாது, கதவுக்குக் கொண்டி கிடையாது. நாங்கள் தயங்கி நிற்பதைக் கண்ட கொண்டக்டர், சிங்களப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தன் போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். போனை என் கையில் தந்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் வந்த இரண்டு பேரை ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினான். நாங்கள் ஏறும்வரை பஸ்ஸை எடுக்க விடவில்லை. அன்றிரவு என் தங்கை அரைப் போத்தல் தண்ணீர் குடித்தாள்.

அந்தப் பிள்ளைக்காக நான் இன்றும் துஆ கேட்கிறேன். ஆனால் அவன் அன்று லீவில் நின்றிருந்தால்? நல்ல மனிதன் ஒருவன் அகப்படுவதை நம்பி ஒரு நாட்டின் பெண்கள் பயணம் போக முடியாது. அவன் செய்தது மூன்றே காரியம். வெளிச்சம் தந்தான், காவல் நின்றான், பஸ்ஸைக் காத்திருக்க வைத்தான். மாகாணங்களுக்கு இடையே ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. வெளிச்சமும் கொண்டியும் உள்ள பெண்கள் கழிப்பறை இல்லாத கடையில் இரவு பஸ் நிற்கக்கூடாது என்று அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுத அதற்கு என்ன தடை? இலங்கை போக்குவரத்துச் சபை தன் பஸ்களுக்கு அதே கட்டளையைப் போடலாம். தூரப் பயண பஸ்கள் நிற்கும் பொலிஸ் பிரிவுகளில் இரவுக் கடமைக்குத் தமிழ் தெரிந்த ஒருவர், முடிந்தால் ஒரு பெண், இருக்க வேண்டும். முடியாத காரியம் என்று சொல்லவேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தால் மூன்று மொழியிலும் பதில் கிடைக்கிறது. உடம்புக்கு ஆபத்தென்றால் தமிழில் கேட்கும் நாடு, மானத்துக்கு ஆபத்தென்றாலும் தமிழில் கேட்கலாம்.

2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பைக்குப் போகவேண்டாம் என்று தன் நாட்டவர்களுக்கு அறிவித்தது. உல்லாசப் பயணிகள்மீது தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரிக்கை. இஸ்ரேல் தன் ஆட்களை உடனே வெளியேறச் சொன்னது. பொத்துவில் முழுக்கப் பொலிஸும் படையும் வந்து இறங்கின. பயணி பயப்படுகிறார் என்றால் அரசாங்கம் எவ்வளவு விரைவாக எழும்பி நடக்கும் என்பதை எங்கள் கரையிலேயே கண்டோம். வந்தவர்களைக் காத்தது சரியான காரியம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. நான் கேட்பது அதே கரையிலிருந்து புறப்படுகிறவளுக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு.

இதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு வேண்டுமானால், எங்கள் ஊருக்குள் வருகிறவர் எப்படி உணர்கிறார் என்றும் நாங்கள் கேட்க வேண்டும். 1990 ஜூலையில் கல்முனை வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் புலிகள் இறக்கிக் கொன்றார்கள். பிள்ளைகளையும் விடவில்லை. அடுத்த மாதம் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் எங்கள் ஊர்க்காவல் படையினரின் பெயரும் இருக்கிறது. குருக்கள்மடத்தைக் கடக்கும்போது எங்கள் மூத்தவர்கள் வாய்மூடிப்போவது போல, சம்மாந்துறையைக் கடக்கும்போது வாய்மூடிப்போகும் தமிழ்த் தாய்மாரும் இருக்கிறார்கள். இதை நாங்கள் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கி முப்பது ஆண்டாகிறது. இன்று அங்கே சிங்களப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். புதிய பிள்ளைகள் சேரும் நாளொன்றில் அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் ஒரு சிங்களத் தாயைக் கண்டேன். ஒரு கையில் பெரிய பயணப்பை, மற்றக் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் அந்தப் பிள்ளையின் விரல்கள் வெளுத்திருந்தன. சுற்றிலும் அபாயா, தொப்பி, தமிழ்ப் பலகை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். விடுதி எங்கே, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்பார் என்று எண்ணினேன். அவர் கேட்டது ஒன்றுதான். “இருட்டினதற்குப் பிறகு மகள் வெளியே போகலாமா?”

போகலாம் என்றேன். என் போன் இலக்கத்தையும் எழுதிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதிலுக்கு நான் மட்டும் எப்படிப் பொறுப்பு நிற்க முடியும் என்று யோசித்தேன். அதற்குக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பஸ் நிலையக் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி வேண்டும், விடியும்வரை எரியும் மின்குமிழ் வேண்டும், நேரசூசி சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும், கடைசி பஸ் போகும்வரை ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் உள்ளூராட்சி சபைகளும் ஒரு கிழமை உட்கார்ந்து பேசினால் இவ்வளவும் ஆகும். மொனராகலையிலும் மகியங்கனையிலும் நாங்கள் கேட்கப்போவதும் இதே நாலு காரியம்தான், நேரசூசி மட்டும் அங்கே தமிழிலும். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் ஒலுவிலுக்கு வருமுன் இங்கே அதைச் செய்துவிட்டு, அதைக் காட்டி அங்கே கேட்போம்.