வறண்ட ஆண்டுக்கு ஒரு வாய்ப்பாடு

காவிரி விவாதங்களைக் கேட்டால் இந்த வாரமும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. யார் பக்கம் நியாயம் என்று எல்லோரும் முழங்குகிறார்கள்; மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் பழைய புகார் இதுதான். எல்லையில், பிலிகுண்டுலுவில், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்று மாதக் கணக்கும் உண்டு. எல்லாம் இயல்பாக மழை பெய்யும் ஆண்டுக்கு. பற்றாக்குறை ஆண்டில் பங்குகளை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு 2007-ன் நடுவர் மன்றத் தீர்ப்பு நின்றுவிட்டது. எந்தத் தேதியின் இருப்பை, எத்தனை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு விகிதம் போடுவது? அது எழுதப்படவில்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டில், விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்கு என்று தவணை முறையில் தண்ணீர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பெக்கோஸ் என்ற ஆற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குப் பாய்கிறது. 1948-ல் ஒப்பந்தம் போட்டார்கள்: 1947-ன் நிலைமையில் டெக்சாஸுக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதை மேல்மாநிலம் குறைக்கக் கூடாது. அழகான வாசகம், ஆனால் 'நிலைமை' என்றால் எவ்வளவு தண்ணீர் என்பதில் சண்டை. ஒப்பந்த ஆணையத்தில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு, ஆகவே முடிவே வராது. 1974-ல் டெக்சாஸ் வழக்குப் போட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 1950 முதல் 1983 வரை 3,40,100 ஏக்கர் அடி குறைவாக வந்திருக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதோடு விடவில்லை. 1988-ல் நீரியல் அறிந்த ஒருவரை 'ஆற்று அலுவலர்' ஆக்கி, கணக்குப் போடும் முறையையும் அவர் கையில் எழுதிக் கொடுத்தது. வெள்ள வரத்தின் மூன்றாண்டுச் சராசரியை எடு, அந்த வரத்துக்கு எல்லையில் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று பார், வந்ததைக் கழி. ஆண்டுதோறும் வரைவு அறிக்கை, இரு தரப்பு ஆட்சேபம், பிறகு இறுதி அறிக்கை. பாக்கி விழுந்தால் தண்ணீராகவே கொடுக்க வேண்டும்.

பெக்கோஸ் எங்கே, காவிரி எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். டெக்சாஸ் 34 ஆண்டுகளில் இழந்தது மொத்தம் 15 டிஎம்சிகூட இல்லை. 2018 தீர்ப்பு நம் ஓராண்டுப் பங்கில் குறைத்ததே 14.75 டிஎம்சி. இங்கே நான்கு தரப்புகள், இரண்டு பருவமழைகள். ஆனால் சிக்கல் கூடக்கூட, வாய்ப்பாட்டின் தேவையும் கூடத்தான் செய்யும். காவிரி நீர் மேலாண்மை ஆணையம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. ஆணையம் உட்கார்ந்து பேரம் கேட்கிற இடமாக இருக்கும்வரை, கூட்டம் முடிந்ததும் ஒரு தரப்பு நீதிமன்றத்துக்குப் போகும். கணக்கு நமக்கே பாதகமாக வந்தால்? வரலாம். 2014 புயல் மழையில், டெக்சாஸ் கேட்டுக்கொண்டதால் நியூ மெக்சிகோ தேக்கி வைத்த தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போனது. அந்த இழப்பை டெக்சாஸின் கணக்கில் எழுதியது சரி என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டு வாங்கிய முறையே தனக்கு எதிராகத் திரும்பியபோதும் டெக்சாஸ் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அதுதான் அந்த முறையின் மதிப்பு.

வடகிழக்குப் பருவமழை தமிழகத்துக்குக் கிடைக்கிறதே என்று கர்நாடகம் சொன்னால், அதையும் வாய்ப்பாட்டில் சேர்த்து எடை போடலாம், மறுக்க வேண்டியதில்லை. ஜூலை கடைசியில் நான்கு கர்நாடக அணைகளிலும் இருப்பு இவ்வளவு என்றால் ஆகஸ்டில் இவ்வளவு வரும் என்று தெரிந்துவிட்டால் போதும். சம்பாவுக்கு நீண்ட காலப் பயிரா, மத்திய கால ரகமா என்று டெல்டா விவசாயி நாற்று விடும் முன்பே முடிவெடுப்பார். மண்டியாவில் கரும்பு போடுபவருக்கும் அதே நிச்சயம் கிடைக்கும். அணைகள் வற்றிய பிறகு இதைப் பேசினால் ஒவ்வோர் எண்ணும் ஒருவர் வாய்க்கு மண்ணாகத் தோன்றும். ஆகவே நீர் நிறைந்த ஆண்டிலேயே, யாரும் கேட்காதபோதே, தமிழகம் இந்த வாய்ப்பாட்டை எழுதி ஆணையத்தின் மேசையில் வைக்க வேண்டும்.