காற்றைக் கெடுத்துவிட்டு உபதேசமா?

கர்ப்பிணிப் பெண் கவலைப்படக் கூடாதாம். நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டுமாம். சந்தடியில்லாத இடத்தில் நேரத்துக்குத் தூங்க வேண்டுமாம். பட்டணத்தில் பணம் கட்டினால் இதற்கென்று வகுப்பே நடத்துகிறார்கள். சொல்வது தவறென்று நாம் வாதாடவில்லை. எர்ணாவூருக்கு வந்து சொல்லிப் பாருங்கள் என்கிறோம்!

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கழிவெண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகம் வரை படர்ந்தது. வலையும் படகும் கருத்தன. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தருகே, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்படி ஓடும் நிறைமாதக்காரியிடம் "மனதை அமைதியாக வைத்துக்கொள், அம்மா" என்று எந்த முதலாளி வாய் கூசாமல் சொல்வான்?

பயம் மிஞ்சினால் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினின் வேலைக்கு அது இடைஞ்சல். வலி கூடும், பிரசவம் இழுக்கும். நுண்தூசி நிறைந்த காற்றில் வாழும் தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த சிசுவும் அதிகம் என்று பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

அந்தப் பயத்தைப் பயிற்சியால் தணிக்கலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சோவியத் வைத்தியர்கள். கார்க்கோவ் நகரத்து வெல்வோவ்ஸ்கி அவர்களில் முக்கியமானவர். 1951-ல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் லமாஸ், பாரிஸ் திரும்பி எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில்! உடம்புக்குள் நடப்பதைத் தாய்க்கு விளக்கினார். மூச்சுப் பயிற்சி கற்பித்தார். பொருள்முதல்வாதிகளின் நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக இதைத் தள்ள வேண்டியதில்லை என்று 1956-ல் போப்பாண்டவர் 12-ம் பயஸே சொன்னார். தொழிற்சங்க ஆஸ்பத்திரியில் வளர்ந்த அந்த வித்தைதான் இன்று பணக்காரப் பேட்டைகளில் விலை போகிறது. வேடிக்கைதான்!

பிரசவ வேளை முழுவதும் ஒருவர் கூடவே இருந்து தைரியம் சொன்னால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. 15,000 பெண்களுக்கு மேல் பங்குகொண்ட 26 பரிசோதனைகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்ட முடிவு இது. மறு வருஷம் உலக சுகாதார ஸ்தாபனமும் சிபாரிசு செய்தது. இதற்கு என்ன செலவு? ஒரு நாற்காலி, ஒரு திரை. 2019–21 குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64! கத்தியெல்லாம் வீண் என்று நாம் சொல்லவில்லை. உயிர் காக்கும் கத்தியும் உண்டு. ஆனால் நாற்காலியில் லாபமில்லை என்பதையும் யோசியுங்கள். நர்ஸம்மா அதட்டுகிறாள் என்று பெண்கள் குறைப்படுகிறார்கள். ஒருத்தியைப் பல கட்டில்களுக்கு ஓட வைத்தவன் மேலல்லவா கோபம் வர வேண்டும்?

பிரசவ விடுப்பு 2017 முதல் 26 வாரம். சரி, 80 நாள் வேலை செய்தாள் என்று காண்ட்ராக்டர் ரிஜிஸ்தரில் காட்டினால்தானே! மீன்கூடை சுமப்பவளுக்கு அந்த ரிஜிஸ்தரும் கிடையாது.

இதெல்லாம் மாதர் விஷயம் என்று சில ஆண் தோழர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனசுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: கசிவென்றால் உடனே சங்கு ஊத வேண்டும், குப்பத்துக் கர்ப்பிணிகளை முதலில் ஏற்றிச் செல்ல வண்டி நிற்க வேண்டும், பிரசவ வார்டில் தாய் விரும்பும் துணை கூட இருக்க வேண்டும், காண்ட்ராக்ட் பெண்ணுக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும்.