பேரோடு அனுப்புங்கள்



"வாட்ஸ்அப்பில் வந்தது, யார் எழுதியதென்று தெரியவில்லை, இதழில் போட முடியுமா?" என்று கேட்டு வரும் கவிதைகள் இப்போதெல்லாம் பெருகிவிட்டன. தேடிப் பார்த்தால் சுகிர்தராணி, அனார், சல்மா என யாராவது ஒருவருடைய புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்தைப் படம் பிடித்தவர் பேரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்.

பிடித்த கவிதையை நாலு பேருக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நம் காலத்துப் பெண்களின் கவிதை கைமாறிக் கைமாறித்தான் பிழைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த சிவரமணி, 1991இல் இறப்பதற்கு முன் தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். ஏற்கெனவே அச்சிலும் தோழியர் கையிலும் இருந்தவைதான் நமக்கு மிஞ்சின. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பின் பத்துக் கவிஞர்களில் அவரும் ஒருவர். சித்ரலேகா மௌனகுரு தொகுத்த மெல்லிய புத்தகம். 'நூலகம்' இணையதளத்தில் இன்று இலவசமாகவே படிக்கலாம். பிறகு 2007இல் அ. மங்கை ஈழத்துப் பெண்களின் கவிதைகளைத் திரட்டி 'பெயல் மணக்கும் பொழுது' கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் க்ருஷாங்கினியும் மாலதி மைத்ரியும் சேர்ந்து 'பறத்தல் அதன் சுதந்திரம்' தொகுத்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களை விருதுப் பட்டியல் பக்கம் நான் அனுப்புவதில்லை. இப்படி ஒரு தொகுப்பை எடுங்கள், பத்துப் பதினைந்து குரல்களில் ஒன்றாவது உங்களைப் பிடித்து நிறுத்தும், அப்புறம் அவருடைய தனிப் புத்தகத்தைத் தேடுங்கள் என்பேன்.

பேருக்கு ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்றால், அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதி, தாள்களைக் கழிப்பறையில் ஒளித்துவைத்தவர் ரொக்கையா. எழுதுவது யார் என்று ஊருக்குத் தெரியாமலிருக்க அவர் சூடிக்கொண்டதுதான் சல்மா என்ற பேர். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் அந்தப் பேரில்தான் வந்தது. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வெளியானபோது கிளம்பிய வசையையும் நினைத்துப் பாருங்கள். திட்டியவர்கள் ஒருவரும் பேரை விட்டுவிட்டுத் திட்டவில்லை. பாராட்டிப் பகிரும்போது மட்டும் அது எப்படிக் காணாமல் போகிறது?

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் உங்களுக்கு. இன்று எழுதிக்கொண்டிருக்கும் பெண் ஒருவரின் கவிதையை எங்களுக்குச் சொல்லுங்கள். எழுதியவர், புத்தகம், பதிப்பகம் மூன்றும் வேண்டும். ஏன் பிடித்தது என்று நாலு வரியும் வேண்டும். கவிஞரிடம் அனுமதி கேட்பது எங்கள் வேலை. மார்ச் 8 மகளிர் தினத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், எல்லா மாதமும் இந்தப் பக்கம் உண்டு. புத்தகக் கண்காட்சியில் வாங்கியதோ, இரவல் வாங்கி இன்னும் திருப்பித் தராததோ, எதுவானாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்