கப்பல் புதுச்சேரியில் நிற்கவில்லை என்றால் டிக்கெட் காசில் எவ்வளவு திரும்ப வரும்?

கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் லீவுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்று நாள் லீவு சேர்த்து, பங்காருப்பேட்டையில் ராத்திரி ரயில் பிடித்து, சென்னைத் துறைமுகத்தில் குரூஸ் கப்பல் ஏறுகிறீர்கள். நடுக்கடலில் மைக்கில் ஓர் அறிவிப்பு: “மன்னிக்கவும், அடுத்த துறைமுகத்தில் கப்பல் நிற்காது.”

இது நம் பக்கத்தில் நடந்த கதைதான். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா குரூஸ் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய்வரும் பயணங்கள் திட்டத்தில் இருந்தன. ஆனால் கப்பலில் கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில்தான் அந்தக் கப்பல் அங்கே வந்தது. அதற்கு முன், 2022 ஜனவரியில், மும்பையில் இருந்து கோவா போன கார்டீலியா கப்பலில் 66 பேருக்கு கொரோனா உறுதியாகி, கப்பல் மும்பைக்கே திரும்பியது.

ரயிலுக்கு இருக்கு, கப்பலுக்கு?

ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட் ஆனால், ஏறாமல் டிடிஆர் போட்டு முழுக் கட்டணத்தையும் வாங்கலாம். ரயிலை வேறு பாதையில் திருப்பிவிட்டு, அதில் போக உங்களுக்கு விருப்பமில்லை என்றாலும் அப்படித்தான். போதிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை என்று டிஜிசிஏ உச்சவரம்பு வைத்திருக்கிறது (வானிலை மாதிரி காரணம் என்றால் அதுவும் கிடையாது).

குரூஸுக்கு இப்படி ஒரு ரேட் கார்டே இல்லை. நீங்கள் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கிய ஒப்பந்தம்தான் முதல் சட்டம். பாதையை மாற்றவும், துறைமுகத்தைத் தவிர்க்கவும் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு, அதற்கு நஷ்ட ஈடு கிடையாது என்ற ஷரத்து உலகம் முழுக்க குரூஸ் ஒப்பந்தங்களில் வழக்கமானது.

அப்போ என்னதான் கொடுப்பாங்க? முதலில், நிற்காத துறைமுகத்துக்கு உங்களிடம் வசூலித்த வரியும் கட்டணமும். இது பெரும்பாலும் டிக்கெட் விலையில் சிறிய பங்குதான். அடுத்து, கம்பெனி மூலம் புக் பண்ணிய ஊர் சுற்றும் டூருக்கான பணம். நீங்களே தனியாக டாக்ஸியும் ஓட்டலும் போட்டிருந்தால் அது உங்கள் கணக்கு. மூன்றாவது, ‘நல்லெண்ண’ கிரெடிட்: கப்பலிலேயே செலவழிக்க அல்லது அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள. கவனியுங்கள், கிரெடிட்டில் கம்பெனியின் கையைவிட்டுப் பணம் வெளியே போவதில்லை. 5,000 ரூபாய் கிரெடிட்டைச் செலவழிக்க நீங்கள் இன்னொரு 30,000 போட்டு டிக்கெட் வாங்க வேண்டும் என்றால், அதை நஷ்ட ஈடு என்பதைவிட டிஸ்கவுன்ட் கூப்பன் என்பதுதான் சரி.

வெளிநாட்டிலும் ரொம்ப தாராளம் இல்லை. கப்பல் புறப்படுவதே ரத்தானாலோ, மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போனாலோதான் அமெரிக்காவின் கடல்சார் ஆணைய விதி பணத்தைத் திருப்பிக் கேட்க உரிமை தருகிறது. ஒரு துறைமுகம் விட்டுப்போனால் அந்த விதியில் ஒன்றுமில்லை. ஐரோப்பிய யூனியன் இதில் மேல்: பேக்கேஜ் பயணச் சட்டப்படி, கிளம்பும் முன் முக்கிய மாற்றம் செய்தால் முழுப் பணத்தோடு விலகலாம், நடுவழியில் சொன்னது கிடைக்காவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2013-ல் ஐரோப்பிய ஆறுகளில் வெள்ளம். சொகுசு நதிப் பயணத்துக்குக் காசு கட்டியவர்கள் நிறைய நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பயணி வழக்குப் போட, அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது: விடுமுறையில் வாங்கியதே மகிழ்ச்சியைத்தான், அது கிடைக்காத ஏமாற்றத்துக்கும் இழப்பீடு கேட்கலாம்.

இங்கே என்ன வழி?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் நம் ஊர்க்காரருக்கு உபயோகமான ஒரு மாற்றம் இருக்கிறது: கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தங்கவயலில் வீடு என்றால் கோலார் மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வீடியோ விசாரணையும் கேட்கலாம். கெடு இரண்டு வருடம்.

ஒரு சிக்கல். மாவட்ட ஆணையத்தில் ‘சேவைக் குறைபாடு’ என்று வாதாடலாம். ஒப்பந்த ஷரத்தே ‘நியாயமற்றது’ என்று அறிவிக்க வேண்டும் என்றால் பெங்களூரில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

ஜெயிப்பது காரணத்தைப் பொறுத்தது. புயலுக்காகக் கேப்டன் பாதை மாற்றினால் அவர் சரியாகத்தான் செய்கிறார். அதற்கு இழப்பீடு கேட்டு வாதாடுவது கஷ்டம், கேட்கவும் கூடாது என்பேன். துறைமுக அனுமதி கைக்கு வராமலே அந்த ஊர்ப் பெயரைப் போட்டு டிக்கெட் விற்பது வேறு விஷயம். அது கடலின் குற்றம் இல்லை, ஆபீஸில் முடித்திருக்க வேண்டிய வேலை. 2021-ல் ரயில்வே வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதே திசையில் பேசியது: ஜம்முவுக்கு 4 மணி நேரம் லேட்டாகப் போன ரயிலால் விமானத்தைத் தவறவிட்டவருக்கு இழப்பீடு தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. தாமதம் கைமீறியது என்று நிரூபிப்பது ரயில்வேயின் பொறுப்பு என்றது.

ஆகவே புக் பண்ணும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்பது தெரியும்படி. மாற்றத்துக்கான காரணத்தை இமெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். பங்காருப்பேட்டை ரயில் டிக்கெட், ஓட்டல் பில் எல்லாம் சேர்த்துவையுங்கள். கிரெடிட்டை வாங்கும் முன் ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஓகே கொடுத்துவிட்டு அப்புறம் கேஸ் போட்டால், கம்பெனி முதலில் காட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். முதல் போன் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தமிழிலும் பேசலாம்.