ஹெடர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் போடுங்கள்

பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றை வாங்கியவர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஓடிப்போய் வாங்குகிற பொருள் எக்ஸாஸ்ட் ஹெடர். அதிலும் கடையில் இருப்பதிலேயே பெரிய குழாயாகப் பார்த்து வாங்குவார்கள். என்னைக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேருக்கு அது வீண் செலவு என்பேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எஞ்சினும் ஒரு வரவு செலவுக் கணக்குதான் :)

மசில் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இரண்டு வரி. நடுத்தர அளவு காரில் பெரிய வி-8 எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். 389 கன அங்குல எஞ்சினோடு வந்த 1964 பான்டியாக் ஜி.டி.ஓ.வில் இந்தக் கதை தொடங்கியதாகச் சொல்வது வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனி வைத்து அனுப்பியது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. ஒரு பக்கத்தில் இருக்கும் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குட்டையான இரும்புப் பெட்டிக்குள் வந்து முட்டி மோதி வெளியேறும். ஹெடர் அப்படி இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய், நான்கும் கடைசியில் 'கலெக்டர்' என்ற இடத்தில் சேரும்.

தனிக் குழாயால் என்ன லாபம்? புகை ஆற்று நீர் மாதிரி சீராக ஓடுவதில்லை, அடி அடியாக வருகிறது. வேகமாகப் போகிற ஒவ்வொரு அடியும் தன் பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தை விட்டுச் செல்லும். அது அடுத்த சிலிண்டரின் புகையை வெளியே இழுக்க உதவும். செவர்லே வி-8ல் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடது பக்கம் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. அதாவது 5-ம் 7-ம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. மறுபக்கம் 8-ம் 4-ம் அப்படியே. குட்டை மேனிஃபோல்டில் இந்த ஜோடிகள் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கே நிற்கும். நீளமான தனிக் குழாய்களில் அந்தத் தொல்லை குறையும்.

கவனியுங்கள், இது முழுக்க புகையின் வேகத்தை நம்பிய வேலை. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் வேகம் விழும், இழுப்பும் விழும். 350 கன அங்குல சாதாரண எஞ்சினுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 1 5/8 அங்குலக் குழாய். கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் எல்லாம் மாற்றிய எஞ்சினுக்கு 1 3/4. அதற்கு மேல் போவது பெரும்பாலும் பிக்-பிளாக் எஞ்சின்களுக்கும் பந்தயத்துக்கும். 1/8 அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். உள் பரப்பைக் கணக்குப் போட்டால் 1 5/8-ஐ விட 1 3/4 ஏறக்குறைய 17 சதவீதம் பெரியது. சிக்னலில் இருந்து கிளம்பும்போது வேண்டிய பிக்கப்பைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வதற்குப் பெயர் முதலீடா?

மிச்சிகனில் இருக்கும் என் பெரியப்பா பையனிடம் 1970 செவெல் இருக்கிறது. 350 எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர், கம்பெனி சொன்ன சக்தி 250 குதிரை. "தம்பி, 1 7/8 வாங்கிப் போட்டுடறேன், பின்னாடி எஞ்சினை மாத்தினா உதவும்" என்கிறார். அண்ணனிடம் நான் சொன்னது, நாளைக்கு வரப்போகிற எஞ்சினுக்கு நாளைக்கு வாங்குங்கள் என்பதுதான். அந்த எஞ்சின் வராமலே போனால்?

தவிர, அந்த 250-ஐயும் அப்படியே நம்பக் கூடாது. அப்போது சொன்னதெல்லாம் 'கிராஸ்' கணக்கு. காரில் பொருத்தாமல், சைலன்சர் போன்றவை இல்லாமல் அளந்த எண். 1971 கார்வெட்டின் எல்.டி-1 எஞ்சினுக்கு 330 என்று போட்டார்கள், 1972-ல் அதே எஞ்சினுக்கு 255. எஞ்சின் நோஞ்சானாகிவிடவில்லை. குறைந்ததில் பெரும்பகுதி, 'நெட்' கணக்குக்கு மாறியதால் வந்தது. கிராஸ் பிராஃபிட்டைப் பார்த்துக் கடை வாங்கக் கூடாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே கதைதான்.

அடுத்தது மறைமுகச் செலவுகள். விலைப்பட்டியலில் இருக்கும் தொகையோடு ஹெடர் முடிவதில்லை. நீளக் குழாய் ஹெடர் ஸ்டீயரிங், கிளட்ச் கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு போகும். பிளக் வயர் கருகும். சூட்டில் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணும். வண்டி தரையோடு தாழும், வேகத்தடையில் இடிக்கும். சூடாகி ஆறும்போது போல்ட் தளரும், மறுபடி முறுக்க வேண்டும். வெறும் பெயிண்ட் அடித்த எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், செராமிக் பூச்சு போட்டது விலை கூட. மேனிஃபோல்டோடு ஹீட் ரைசர் வால்வையும் கழற்றிவிட்டால் குளிர்காலக் காலையில் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். குட்டை ஹெடரில் இந்தத் தொல்லைகள் குறைவுதான், ஆனால் பலனும் குறைவு.

"அப்படியானால் ஹெடரே வேண்டாம் என்கிறாயா?" இல்லை. தகுந்த எஞ்சின் இருந்தால் அது தங்கம். 1967 கமாரோ இசட்/28-ன் 302 எஞ்சின் உயர்ந்த சுற்றில் ஓடுவதற்கென்றே செய்தது. அதற்கு ஹெடர் கேட்டவர்களுக்குக் கம்பெனி அதை டிக்கியில் வைத்தே அனுப்பியது, டீலர்தான் மாட்டிக் கொடுக்க வேண்டும்! 1965 ஷெல்பி ஜி.டி.350-ல் குழாய்களை முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்கும் 'டிரை-ஒய்' ஹெடர் இருந்தது. புது கார்புரேட்டர், இன்டேக் மேனிஃபோல்டு, ஹெடர் எல்லாம் சேர்ந்துதான் 271 குதிரை எஞ்சினை 306 ஆக்கின. ஹெடர் மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை.

சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அது ஆசைக்கான செலவு. அந்தத் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள், முதலீடு என்று எழுதாதீர்கள்.

ஆக, தெருவில் ஓட்டுகிற சாதாரண 350-க்கு என் சிபாரிசு இதுதான். முதலில் ஒற்றைக் குழாய் எக்ஸாஸ்டை 2 1/2 அங்குல இரட்டைக் குழாயாக மாற்றுங்கள். அடைப்பு அங்கே இருந்தால் முன்னால் எந்த ஹெடரைப் போட்டும் பிரயோஜனமில்லை. கார்புரேட்டரையும் இக்னிஷனையும் சரி பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால் 1 5/8 அங்குலம், கனமான ஃபிளாஞ்ச், செராமிக் பூச்சு என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. கழற்றிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதில் வார்ப்பு எண் இருக்கிறது. ஒரிஜினல் பாகங்களோடு இருக்கும் காரைத் தேடி அலைபவர்கள் அந்த எண்ணைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பரணில் போட்டு வையுங்கள். காரை விற்கும் நாளில் புது ஹெடரை விட அந்தப் பழைய இரும்புக்கு மதிப்பு அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.